கொக்கியா, கோடா?

காஜா பெராங் ரோட்டில் எங்கள் அஞ்சடியில் மூன்று மேசைகள் இருந்தன. இந்த ஓரம் என் பூ மேசை. அந்த ஓரம் வெற்றிலை மேசை. நடுவில் பொன்னுதுரை அண்ணனின் தட்டச்சு மேசை. அஞ்சடி என்றால் கடை வாசல்களை ஒட்டி ஓடும் ஐந்தடி நடைபாதை. மேலே மாடி இருப்பதால் வெயிலும் மழையும் அண்டாது. நான் கோகிலா. வாயாடி என்று ஊரில் எனக்குப் பெயர். இருக்கட்டும். பொன்னுதுரை அண்ணனுக்கு நடந்ததை வாய் செத்தவர்கள் யாரும் சொல்லப்போவதில்லை. நான்தான் சொல்லியாக வேண்டும்.

மனு எழுத வருகிற ஆளிடம் அவர் முதலில் பெயரைக் கேட்கமாட்டார், ஊரைக் கேட்கமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கொக்கியா, கோடா?" என்பார்.

கொக்கி என்பது கமா. கோடு என்பது டேஷ். இங்கிலீஷ் வாக்கியத்தில் ஒரு பேச்சை நிறுத்தி அடுத்ததைத் தொடங்க இந்த இரண்டில் ஒன்று வேண்டுமாம். கெஞ்சுகிற மனு என்றால் அவர் கொக்கி போடுவார். ஐயா பெரிய மனசு பண்ணி, இந்த ஏழையின் நிலைமையைப் பார்த்து, என் பிள்ளை குட்டிகளை நினைத்து என்று ஒன்றில் ஒன்றை மாட்டிக்கொண்டே போகலாம். நியாயம் கேட்கிற மனு என்றால் கோடு. ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துவது, வெள்ளைக்காரன் முகத்தைப் பார்ப்பது, பிறகு மீதியைச் சொல்வது. அப்படித்தான் அவர் எங்களுக்கு விளக்கினார்.

எங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் கொக்கி எது கோடு எது என்று காஜா பெராங்கில் எல்லாருக்கும் தெரியும். "நல்லா நீளமா நாலு கோடு போட்டு எழுதுங்கண்ணே, அந்த ஓவர்சியருக்கு ஒறைக்கணும்" என்று சண்டைக்குப் போகிற மாதிரி வந்து நிற்பார்கள். காகிதம் கைக்கு வந்ததும் கோடு எங்கே இருக்கிறது என்றுதான் தேடுவார்கள். கோடு இருந்தால் அது பொன்னுதுரை எழுத்து. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

தட்டி முடித்ததும் காகிதத்தை உருவி, முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டுவார். ஒரு சொல் விடமாட்டார். பிறகு மைப் பெட்டியைத் திறந்து, வந்த ஆளின் கட்டைவிரலைத் தானே பிடித்து ஒற்றுவார். கடைசியாக, அடியில் சின்னதாகத் தன் பெயரைத் தட்டுவார். "எழுதினவன் பேரு இல்லாம ஒரு காகிதம் என் மெஷின்லேர்ந்து வெளிய போகாது கோகிலா" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோட்டை அவர் எங்கே பிடித்தார் என்பதும் எனக்குத் தெரியும். ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். இவர் தோட்ட ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்தார். வெள்ளைக்காரத் தொரை சீட்டில் கிறுக்கித் தருவதைக் கிராணியிடம், அதாவது ஆபீஸ் குமாஸ்தாவிடம், கொண்டுபோய்க் கொடுப்பதும், கிராணி அதைத் தட்டித் தருவதைத் தொரையிடம் கொண்டுபோவதும்தான் வேலை. தொரை சீட்டில் எல்லாம் கோடாக இருக்கும். கிராணி தட்டியதில் எல்லாம் கொக்கியாக இருக்கும். அதிகாரம் பண்ணுகிறவன் கோடு போடுகிறான், அடங்கிப் போகிறவன் கொக்கி போடுகிறான் என்று இவர் அப்போதே மனதில் எழுதிக்கொண்டார். கிராணி காலைப் பிடித்து இங்கிலீஷும் கற்றுக்கொண்டார், டைப்பும் கற்றுக்கொண்டார்.

ஜப்பான்காரன் சயாம் ரயில் போட ஆள் அள்ளியபோது இவருடைய கூடப்பிறந்த அண்ணன் போனார். திரும்பவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் வந்ததும், அண்ணன் என்ன ஆனார் என்று இவர் அரசாங்கத்துக்குப் பணிவாகக் கொக்கி போட்டு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்கும் இல்லை. ஆத்திரம் பொங்கி, தொரை மாதிரியே கோடு போட்டு எழுதினார். பதில் வந்தது. வருந்துகிறோம், பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று ஒரே வரி. சாவுச் செய்தி மாதிரி ஒரு பதில்தான். ஆனாலும் பதில் வந்ததே! அன்றிலிருந்து அவருக்குக் கோட்டின் மேல் பைத்தியம். கூலிக்காரன் பெயரில் போகிற மனுவிலும் தொரையின் கோடு இருக்கவேண்டும் என்று தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். தோட்டம் சும்மா விடுமா? மனைவி கமலவேணியோடு லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பழைய தட்டச்சு ஒன்றை வாங்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தார். அந்த மேசை போனால் அவருக்கு வேறு கதி கிடையாது. எந்தத் தோட்டமும் சேர்க்காது, எந்த ஆபீஸும் சர்ட்டிபிகேட் இல்லாமல் எடுக்காது. பிள்ளையும் இல்லை. அந்த மேசைதான் எல்லாம்.

பாடாங் திடலில் கூட்டம் கூட்டி, மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கப்போகிற நாளைச் சொன்னார்களே, அந்த வருடம்தான் இது நடந்தது. ஊரே குதித்தது. ஆனால் அவசரகாலச் சட்டம் அப்படியேதான் இருந்தது. ஒருத்தரைப் பிடித்துப்போக விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம். இந்தியாவில் பிறந்தவர் என்றால் கப்பலேற்றி விடுவார்கள்.

ஜெயபாலன் இந்தியாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக வந்தவர், வேறு ஊர் அறியாதவர். ரப்பர் ஆலையில் தொழிற்சங்கச் செயலாளர். அங்கே வேலைநிறுத்தம் நடந்து முடிந்த சூட்டில், பட்டப்பகலில், சோற்றில் கை வைத்தவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி சீதா அந்த எச்சில் கையைப் பிடித்துக்கொண்டே ரோடு வரைக்கும் ஓடினாள். நான் பார்த்தேன். எனக்கு அன்றைக்குப் பூ தொடுக்க விரல் வரவில்லை.

யார் காட்டிக் கொடுத்தது? அதுதான் பேச்சு. போலீஸ் ஸ்டேஷனில் பியூனாக இருந்த கணேசமூர்த்தி சரபத் கடையில் உட்கார்ந்து, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "ஐயா மேசையில ஒரு டைப் அடிச்ச காகிதம் கெடந்துச்சு. ஜெயபாலன் போட்டோ அது மேலதான் இருந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா பக்கம் முழுக்க கோடு. கோடு கோடா இருந்துச்சு."

சரபத் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி எங்கள் அஞ்சடியைப் பார்த்தார்களாம். பொன்னுதுரை பேர் போடாமல் எழுதின மொட்டைக் கடிதாசி என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சு.

மறுநாள் காலையில் நான் பூக்கூடையோடு வந்தபோது, அவர் மேசையின் முன்பலகையில் கரியால் ஒரு கோடு இழுத்திருந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். எழுத்து இல்லை, வசவு இல்லை. வெறும் கோடு. அவர் வந்தார், பார்த்தார், கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார்.

"யாரு அண்ணே இது?"

"பசங்க வெளையாட்டு" என்றார்.

அடுத்து அவர் வீட்டுக் கதவில் இழுத்திருந்தது. பிறகு சுவரில். கமலவேணி தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள், கரி போய்விட்டது, மறுபடி வந்தது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஒருத்தி வாய் திறந்து திட்டியிருந்தால்கூட நான் நிம்மதி அடைந்திருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மனு எழுத ஆள் வருவது நின்றது. காலையில் வந்து மெஷினைத் துடைப்பார், காகிதத்தைச் செருகுவார், உட்கார்ந்திருப்பார். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், தலைமுறை தலைமுறையாக இருக்கிற சிட்டி வம்சத்து அம்மா ஒருத்தர் பூ வாங்க என்னிடம் வருவார். வீட்டில் மலாய்தான் பேசுவார். தமிழ் நாலு சொல்தான் வரும். அவர்கூட அண்ணனைப் பார்த்துவிட்டு, "கெசியான்" என்றார். பாவம் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்தது எங்கள் சனங்களுக்குத் தெரியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கணேசமூர்த்தியை நடுரோட்டில் மறித்தேன்.

"ஏன்டா, அந்தக் காகிதத்துல அடியில பேரு இருந்துச்சா இல்லையா?"

"எனக்கென்னக்கா தெரியும்? என்னமோ கிறுக்கியிருந்துச்சு."

"அப்ப எதை வச்சு மொட்டைக் கடிதாசின்னு சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? கோடு இருந்துச்சுன்னுதான் சொன்னேன். மொட்டைக் கடிதாசின்னு ஊருதான் சொல்லுது."

பார்த்தீர்களா கொடுமையை! கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஊர் கூடி மொட்டையடித்திருக்கிறது. நான் அண்ணனிடம் வந்து சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"எனக்கு அப்பவே தெரியும் கோகிலா. கோடு என்னுது இல்ல. தொரைமாரோடது. ஆலைத் தொரை நேரா போலீஸ் தொரைக்கு எழுதியிருப்பாரு. அவங்க எல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க. நான் அதைத் திருடி நம்ம ஆளுங்களுக்குக் குடுத்தேன். இவனுங்க அது என் சொத்துன்னு நெனச்சுட்டானுங்க."

"இதை ஊரக் கூட்டிச் சொல்லுங்களேன்!"

"எதைக் காட்டிச் சொல்றது? போலீஸ் காகிதத்தைக் கொண்டாந்து காட்ட முடியுமா?"

அவர் சொல்லவில்லை என்றால் நான் சொல்லமாட்டேனா? சரபத் கடையில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன். "இவ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குறா?" என்று கேட்டார்கள். அதற்குமேல் ஒன்று கேட்டார்கள், அதை இங்கே எழுதமாட்டேன். கட்டின புருஷனை இழந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? நாக்கு அழுகிப் போகட்டும்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் சீதா வந்து அவர் மேசை முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. ஜெயபாலனைக் கப்பலேற்ற உத்தரவு தயாராகிறதாம். மேல்முறையீட்டுக் குழு ஒன்று இருக்கிறது, இங்கிலீஷில் மனு கொடுத்தால் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் வைக்க அவளால் ஆகாது. காஜா பெராங்கில் இங்கிலீஷ் எழுத இவரை விட்டால் ஆளில்லை. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தே பேசினாள்.

"என் வீட்டுக்காரரை விடச் சொல்லி எழுதணும். கோடு போட்டு எழுதுங்க. அவரு ஒரு தப்பும் பண்ணல."

அண்ணன் கொக்கியா கோடா என்று கேட்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோடு வேணாம் தங்கச்சி" என்றார்.

"ஏன்?"

"அங்க ஏற்கெனவே ஒரு காகிதம் கோடு போட்டுக் கெடக்கு. இதுவும் பக்கத்துல போய் விழுந்தா, தொரை மாதிரி எழுத இவன் யாருன்னு கோவம்தான் வரும். உன் புருசன் தலை அதுல இருக்கு. கெஞ்சித்தான் எழுதணும்."

அவர் தட்டினார். இத்தனை வருடத்தில் அவர் தட்டும் சத்தம் எனக்குப் பழக்கம்; கோடு வருகிற இடத்தில் ஒரே விசையை ஓங்கி இரண்டு முறை தட்டுவார். அன்றைக்கு அந்தச் சத்தம் ஒருமுறைகூட வரவில்லை. தமிழில் சொல்லிக் காட்டியபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. குழந்தையாக வந்தவர், இந்த மண்ணில் வளர்ந்தவர், இங்கேயே தாயைப் புதைத்தவர் என்று ஒவ்வொன்றாக மாட்டி மாட்டி, கல்லும் கரைகிற மாதிரி எழுதியிருந்தார். சீதாவின் கட்டைவிரலைப் பிடித்து ஒற்றினார். அடியில் தன் பெயரைத் தட்டினார்.

அவள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். கோட்டைத் தேடினாள். இல்லை.

"பயந்துட்டான்" என்று அவள் போய்ச் சொன்னது சாயங்காலத்துக்குள் எல்லார் காதுக்கும் எட்டிவிட்டது. "கைய மாத்திட்டான். தப்பு பண்ணாதவன் ஏன் கைய மாத்தணும்?" இந்த முறை கரிக்கோடு அவருடைய நாற்காலியிலேயே இழுத்திருந்தது, உட்கார்ந்தால் சட்டை முதுகில் படுகிற உயரத்தில். தெரியாமல் சாய்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் குறுக்கே கறுப்புக் கோட்டோடு வீட்டுக்கு நடந்து போனார். வழியில் ஒருத்தரும் சொல்லவில்லை. கமலவேணி கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறாள்.

மழைக்காலம் போயிற்று. தைப்பொங்கல் வந்தது. சுதந்திரத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஜெயபாலனை விட்டுவிட்டார்கள்! கப்பல் இல்லை, ஒன்றும் இல்லை. மேலிடத்தில் மனுவைப் படித்து மனமிரங்கினார்கள் என்று கூட வந்த போலீஸ்காரனே சொன்னானாம். நான் குதித்தேன். "அண்ணே, உங்க கொக்கி ஜெயிச்சிருச்சு!" என்று ரோஜா மாலை ஒன்றை எடுத்து அவர் மெஷினுக்கே போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மடச்சி நான்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "ஒரே ஒரு காகிதம் எழுதினான், போலீஸே விட்டுடுச்சு. அப்ப அவனுக்கு அங்க எவ்வளவு செல்வாக்கு இருக்கணும்? உள்ள போட்டதும் அவன்தான், வெளிய எடுத்ததும் அவன்தான்." ஜெயபாலனை விடாமல் கப்பலேற்றியிருந்தால் சந்தேகம் சந்தேகமாகவே இருந்திருக்கும். விட்டதும் அது உறுதியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயபாலன் வந்தார். பின்னால் சீதா, அவள் பின்னால் ஒரு பெருங்கூட்டம். நான் மாலைக்குத்தான் வருகிறார்கள் என்று நார் எடுத்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ஜெயபாலன் பொன்னுதுரை அண்ணனுக்கு எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உள்ளே என்ன செய்தார்களோ, ஆள் பாதியாகியிருந்தார். குரல் தணிந்திருந்தது.

"ஒரு மனு எழுதணும் அண்ணே."

"யாருக்கு?"

"டவுன் ஆபீசுக்கு. காஜா பெராங் அஞ்சடியில மேசை போட்டிருக்கிற பொன்னுதுரைங்கிற ஆளை எங்களால நம்ப முடியல. அவரோட மேசையை அங்கேர்ந்து எடுக்கச் சொல்லணும். ஊரு பேருல எழுதுங்க."

என் கையிலிருந்த நார் கீழே விழுந்தது. "அடப் பாவிகளா!" என்று நான் கத்தினேன். "உங்களுக்கு வாயி இல்லையா? நேரா போய்ச் சொல்லுங்களேன்! அவரையே எழுதச் சொல்றீங்களே, நீங்க மனுசங்களா?"

"வேற யாருக்கு இங்கிலீஷ் தெரியும் அக்கா?" என்றார் ஜெயபாலன். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அண்ணன் மெஷினைத் துடைத்தார். பிறகு காகிதத்தைச் செருகினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஜெயபாலனைப் பார்த்து, பழக்கத்தில்தான் கேட்டாரோ வேண்டுமென்றே கேட்டாரோ, "கொக்கியா, கோடா?" என்றார்.

கூட்டத்திலிருந்து சீதா சொன்னாள். "கோடு."

அவர் எழுதினார். ஓங்கி இரண்டு முறை தட்டுகிற அந்தச் சத்தம் மறுபடி மறுபடி வந்தது. முடித்து, எழுந்து நின்று, தமிழில் சொல்லிக் காட்டினார். இந்த ஆள் நம்பத் தகாதவர் என்று தன்னைப் பற்றித் தானே படித்தார். அஞ்சடியில் மேசை இருப்பது பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று படித்தார். ஒரு சொல் விடவில்லை. பிறகு மைப் பெட்டியைத் திறந்தார். வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தர் கட்டைவிரலையும் தானே பிடித்து, மை தொட்டு, நசுங்காமல் ஒற்றினார். சீதா கையை நீட்டியபோது மட்டும் ஒரு கணம் நிறுத்தி, அவள் விரலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பிடித்தார். கடைசியாக உட்கார்ந்து, அடியில் சின்னதாகத் தன் பெயரைத் தட்டினார்.

டவுன் ஆபீஸிலிருந்து ஆள் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மறுநாளே மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கமலவேணியோடு போய்விட்டார். உஜோங் பாசிரில் கொஞ்ச நாள் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு அங்கேயும் இல்லை. என்ன ஆனார் என்று எழுதிக் கேட்க எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

சுதந்திரத்துக்குச் சில வாரம் முன்னால், டவுன் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. தபால்காரர் ஊர்ப் பெயருக்கு வந்த கடிதம் என்று ஜெயபாலன் கையில் கொடுத்தார். இங்கிலீஷ். சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். படிக்க ஆளில்லை. ஆனால் ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. கடிதம் முழுக்கக் கோடு.

"பாத்தீங்களா, போனவன் அங்கேர்ந்தும் எழுதுறான்" என்றாள் சீதா. ஜெயபாலன் அதைக் கிழித்துச் சாக்கடையில் போட்டார்.

ஒரு காலையில் லாரி வந்தது. கூட ஒரு மலாய்க்கார அதிகாரி. அஞ்சடியில் மேசைகள் இடைஞ்சல் என்று நீங்களே கூட்டமாக மனு கொடுத்தீர்கள், சுதந்திர விழாவுக்குள் எல்லா மேசையையும் எடுக்கச் சொல்லி டவுன் ஆபீஸ் தொரை கடிதம் போட்டார், தவணை கொடுத்தார், ஆட்சேபம் இருந்தால் எழுதச் சொன்னார், ஏன் ஒருவரும் எழுதவில்லை என்று மலாயில் கேட்டார். ஜெயபாலன் சாக்கடைப் பக்கம் பார்த்தார். சீதா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். வெற்றிலை மேசையைத் தூக்கினார்கள். என் பூ மேசையைத் தூக்கினார்கள். நடுவில் அண்ணன் விட்டுப்போன மேசை கடைசியாகப் போயிற்று. அதன் முன்பலகையில், அவர் துடைக்கத் துடைக்க யாரோ மறுபடி இழுத்த கரிக்கோடு அப்படியே இருந்தது.

அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டி, யாராவது படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். வாயாடியாச்சே என்று கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் நடுவிலே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தேன்.